வெள்ளைவால் மான் எப்போது இணைசேரும்? புதிய வேட்டைக்காரர்களுக்கு ஒரு நாட்காட்டி

விஸ்கான்சின், மிச்சிகன், ஒஹாயோ பக்கம் வேலை பார்க்கும் தமிழர்கள் கவனித்திருப்பார்கள். நவம்பர் முதல் பாதியில் ஒரு வாரத்துக்கு, வருடம் பிறந்தவுடனேயே லீவு போட்டு வைத்திருக்கும் ஆள் ஒருவராவது ஆபீசில் இருப்பார். வீட்டில் விசேஷம் எதுவும் இருக்காது. காட்டில் வெள்ளைவால் மான்கள் இணைசேரும் சமயம் அது. வேட்டைக்காரர்கள் அதை ‘ரட்’ என்பார்கள். மற்ற மாதங்களில் இருட்டிய பிறகே புதரைவிட்டு வெளியே வரும் வயதான ஆண் மான், அந்தச் சில நாட்களில் மட்டும் பட்டப்பகலில், எதையும் சட்டை செய்யாமல் பெண் மானைத் தேடித் திரியும். வருடம் முழுக்க ட்ரெயில் கேமராவில் நள்ளிரவுப் படமாக மட்டுமே தெரிந்த மான் நேரில் கண்ணில் படுவதற்கு அதைவிட நல்ல சமயம் கிடையாது.

அந்த நாட்கள் எவை என்பதற்குச் சுருக்கமான பதில் இது: அமெரிக்காவின் வட பாதியில் நவம்பர் நடுப்பகுதி. வருடா வருடம் ஏறக்குறைய அதே தேதிகள். தெற்கே போகப் போக இந்தப் பதில் செல்லாது, அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். மான்கள் அதிகமாக இணைசேரும் நாட்கள் வேறு, மான்கள் அதிகமாகக் கண்ணில் படும் நாட்கள் வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு வார வித்தியாசம் இருக்கிறது. லீவு போடுவதில் புதியவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

குட்டியிலிருந்து பின்னோக்கி

தேதியை நிர்ணயிப்பது ஆண் மான் அல்ல, குட்டி. வெள்ளைவால் மானின் சினைக்காலம் சுமார் 200 நாள். மினசோட்டாவிலோ நியூயார்க்கின் வடபகுதியிலோ ஏப்ரலில் குட்டி பிறந்தால் தரையில் பனி கிடக்கும், தாய்க்குப் பசும்புல் கிடைக்காது, பால் வற்றும். ஆகஸ்டில் பிறந்தால் அடுத்த குளிர்காலம் வருவதற்குள் குட்டி வளர்ந்து கொழுப்புச் சேர்க்க நேரம் போதாது. ஆக, மே கடைசி வாரமும் ஜூன் முதல் வாரமும்தான் சரியான இடைவெளி. ஜூன் 1-லிருந்து 200 நாள் பின்னால் எண்ணிப் பாருங்கள், நவம்பர் 13 வரும். வடக்கே இணைசேரல் உச்சம் நவம்பர் 10-க்கும் 20-க்கும் நடுவே விழுவதன் கணக்கு இவ்வளவுதான்.

குட்டிகள் எல்லாம் ஒரே சமயத்தில் பிறப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கொயோட்டி, கரடி போன்றவை பிறந்த முதல் சில வாரங்களில்தான் குட்டிகளை எளிதாகப் பிடிக்கும். காடு முழுக்க ஒரே பதினைந்து நாளில் குட்டிகள் விழுந்தால் அவற்றால் தின்று தீர்க்க முடியாது. முந்திப் பிறந்ததும் பிந்திப் பிறந்ததும்தான் அதிகம் சிக்கும். பல ஆயிரம் தலைமுறைகளாக இப்படி ஓரங்கள் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு, நடுத் தேதி இறுகிப்போயிருக்கிறது.

சரி, நவம்பர் வந்துவிட்டது என்று மானுக்கு எப்படித் தெரியும்? பகலின் நீளத்தால். ஜூன் பிற்பகுதிக்குப் பிறகு பகல் குறையத் தொடங்கும். இருட்டு நேரம் கூடுவதைக் கண் மூளைக்குச் சொல்ல, பினியல் சுரப்பி மெலட்டோனினை அதிக நேரம் சுரக்கும். அதைத் தொடர்ந்து மற்ற ஹார்மோன்கள் மாறும். ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறும்போது கொம்பு வளர்வது நின்று கெட்டிப்படும், அதைப் போர்த்தியிருந்த வெல்வெட் போன்ற தோல் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் உரிந்துவிடும். கழுத்து பருக்கும். பெண்ணுக்குச் சினைமுட்டை முதிர்வதும் இதே கடிகாரத்தின்படிதான். வெயில், மழை, தீவனம் எல்லாம் வருடத்துக்கு வருடம் மாறும். நவம்பர் 13-ம் தேதியின் பகல் நீளம் மட்டும் மாறவே மாறாது. மான் அதை நம்பியிருப்பதில் ஆச்சரியமில்லை.

இதற்கு அழகான சான்றுகள் இரண்டு உண்டு. 1905-ல் நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து சில வெள்ளைவால் மான்களைக் கப்பலேற்றி நியூசிலாந்தின் ஸ்டூவர்ட் தீவில் விட்டார்கள். அங்கே பருவங்கள் தலைகீழ். அவற்றின் சந்ததி இன்று இணைசேர்வது நவம்பரில் அல்ல, அங்கே பகல் குறைந்துவரும் மே மாதத்தை ஒட்டி. 1934-ல் மினசோட்டாவிலிருந்து பின்லாந்துக்குப் போன மான்களுக்கோ கண்டம் மாறினாலும் வட அரைக்கோளம் மாறவில்லை. அவை இலையுதிர் காலத்தையே வைத்துக்கொண்டன.

நம்ம ஊர்ப் புள்ளிமானை இதோடு வைத்துப் பார்ப்பது சுவாரசியம். முதுமலையில் ஒரே நாளில் முழுக்கொம்போடு ஒன்று, தோல் போர்த்த இளங்கொம்போடு ஒன்று, கொம்பே இல்லாமல் ஒன்று என்று ஆண் மான்களைப் பார்க்கலாம். வெப்ப மண்டலத்தில் பகல் நீளம் பெரிதாக மாறுவதில்லை, குட்டியைக் கொல்லும் பனியும் இல்லை. அதனால் அவை ஒரே தேதியில் கூடவேண்டிய அவசியம் வரவில்லை. 1932-ஐ ஒட்டி டெக்சாஸுக்குக் கொண்டுபோகப்பட்ட புள்ளிமான்கள் அங்கேயும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஒரே பண்ணையில் வெள்ளைவாலுக்கு ஒரு நாட்காட்டி, புள்ளிமானுக்கு ஒரு நாட்காட்டி. (இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே சொல்வதெல்லாம் உரிமம் வாங்கி வேட்டையாட அனுமதி உள்ள அமெரிக்க, கனடா மாநிலங்களுக்கு மட்டும்.)

நிலாவும் குளிரும்

வேட்டைக்காரர்கள் கூடும் இடத்தில் இரண்டு நம்பிக்கைகள் கட்டாயம் காதில் விழும். ஒன்று, இலையுதிர் காலத்தில் வரும் குறிப்பிட்ட பௌர்ணமிதான் இணைசேரலைத் தொடங்கி வைக்கிறது, அதனால் வருடா வருடம் தேதி நகரும் என்பது. இதை வைத்து நாட்காட்டியே அச்சடித்து விற்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல மாநிலங்களின் வனவிலங்குத் துறையினர், வண்டியில் அடிபட்ட அல்லது ஆய்வுக்காகச் சுட்ட சினை மான்களின் கருவை அளந்து, அது எந்த நாளில் தரித்தது என்று பின்னோக்கிக் கணக்கிட்டு வந்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் பல வருடக் கணக்கை அடுக்கினால் நடுத்தேதி அசையவில்லை, பௌர்ணமி மட்டும் முன்னும் பின்னுமாக அலைகிறது. என் தீர்ப்பு: நிலா நாட்காட்டிக்குக் கொடுக்கும் காசுக்கு ஒரு நல்ல கம்பளிக் காலுறை வாங்கலாம்.

இரண்டாவது, “இந்த வருஷம் குளிரே இல்லை, ரட் தள்ளிப்போச்சு” என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. நவம்பரில் மான் குளிர்காலத்துக்கான கனத்த ரோமத்தைப் போர்த்தியிருக்கும். வெயில் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் போர்வையோடு ஓடித் துரத்துவது அதற்குப் பெரும் பாடு. அதனால் பகலில் படுத்துவிட்டு இரவில் காரியத்தை முடித்துக்கொள்ளும். இணைசேரல் தள்ளிப்போகாது, நம் கண்ணுக்குத்தான் தெரியாது. அதே வாரத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கி வெப்பநிலை சடாரென்று விழுந்தால், மறுநாள் காலை காடு வேறு மாதிரி இருக்கும். எந்த வாரம் என்பதற்குக் காலண்டர், அந்த வாரத்தில் எந்த நாள் என்பதற்கு வானிலை அறிக்கை.

எந்த நாளில் என்ன நடக்கும்

வடக்கு மாநிலங்களை வைத்தே சொல்கிறேன். செப்டம்பரில் ஆண் மான்கள் இன்னும் கூட்டாளிகள்தான். கொம்போடு கொம்பு கோத்துத் தள்ளிப் பார்ப்பதெல்லாம் விளையாட்டுச் சண்டை. அக்டோபரில் கூட்டம் பிரியும். இரண்டு தடயங்கள் தெரியத் தொடங்கும். இளமரத்தில் கொம்பை உரசிப் பட்டை உரிந்த தழும்பு ஒன்று. உரசும்போது நெற்றிச் சுரப்பியின் வாசனையும் மரத்தில் ஏறும். மற்றது, தாழ்வாகத் தொங்கும் கிளைக்கு நேர்கீழே குளம்பால் சருகை விலக்கிக் கீறிய வெறும் தரை. மான் அந்தக் கிளையைக் கடித்து முகத்தைத் தேய்க்கும். பின்னங்கால்களின் உட்புறத்தில் உள்ள வாசனைச் சுரப்பிகள் மேல் சிறுநீர் வழியவிட்டு அந்தத் தரையில் இறக்கும். யார் வந்தார்கள், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்ற தகவல் பலகை அது. ஒரே இடத்தைப் பல ஆண் மான்கள் பயன்படுத்தும், பெண் மான்களும் வந்து முகர்ந்து போகும். புதியவர்கள் இந்தக் கீறலைக் கண்டதும் அதன் மேலேயே பரண் கட்டிவிடுகிறார்கள். ஆனால் வருகைகளில் பெரும்பாலானவை இரவில் நடப்பவை. அக்டோபர் கடைசி வாரத்தில் கொஞ்சம் பகல் வருகை இருக்கும், நவம்பர் இரண்டாம் வாரத்தில் அந்த இடத்தைச் சீந்த ஆளிருக்காது. அதற்குள் மானுக்கு வேறு வேலை வந்திருக்கும்.

அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் 10 வரை உள்ள நாட்கள்தான் வேட்டைக்காரருக்குப் பொன்னானவை. ஆணின் உடம்பு எப்போதோ தயார். பெண்களில் பெரும்பாலானவை இன்னும் பருவத்துக்கு வரவில்லை. முந்திக்கொண்ட ஒன்றிரண்டு மட்டும் அங்கங்கே இருக்கும். அந்த ஒன்றிரண்டைக் கண்டுபிடிக்க எல்லா ஆண்களும் அலைகின்றன. பெண் மான்கள் படுக்கும் புதர்களின் ஓரமாக, காற்று தங்கள் பக்கம் வீசும்படி, முகர்ந்துகொண்டே நடக்கும். பெண்ணின் சிறுநீரை முகர்ந்துவிட்டு மேலுதட்டைச் சுருட்டித் தலையைத் தூக்கி நிற்கும். கிராமத்தில் ஆட்டுக்கிடா செய்வதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், அதே வேலைதான். வாய்க்கு மேலே உள்ள தனி உறுப்பு ஒன்று அந்த வாசனையிலிருந்து பெண்ணின் நிலையைக் கண்டறியும். பருவம் நெருங்கிய பெண்ணைக் கண்டால் துரத்தல் தொடங்கும். வழக்கமான நடமாட்ட எல்லையைத் தாண்டிப் பல கிலோமீட்டர் போகும். இத்தனை மாதமும் யாரும் பார்த்திராத ஆண் மான் திடீரென்று வந்து நிற்பதும் இந்தச் சமயத்தில்தான். உறுமல் ஒலி எழுப்பும் குழல், இரண்டு கொம்புகளை மோதவிட்டுச் சண்டைச் சத்தம் காட்டுவது போன்ற உத்திகளுக்கும் இப்போது பலன் அதிகம்.

அப்புறம் வருகிறது ஆய்வாளர்கள் ‘உச்சம்’ என்று சொல்லும் வாரம். பெண் மான் ஒவ்வொன்றும் இணைசேரத் தயாராக இருப்பது 24 முதல் 48 மணி நேரம் வரைதான். நவம்பர் நடுவில் பெரும்பாலான பெண்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த நிலைக்கு வரும். ஆண் மான் ஒரு பெண்ணோடு சேர்ந்துகொண்டு, அவள் நடந்தால் நடந்து, படுத்தால் பக்கத்தில் படுத்து, மற்ற ஆண்களை விரட்டியபடி ஒன்றிரண்டு நாள் கழிக்கும். அதுவும் எங்கே? வேறு ஆண்கள் வராத ஒதுக்குப்புறத்தில்: சாலையோர முட்புதர், வயலுக்கு நடுவே நாலு மரம், சதுப்பு ஓரம். காட்டில் இணைசேரல் மிகுதியாக நடக்கிறது, பரண் மேல் இருப்பவருக்கோ அணிலைத் தவிர எதுவும் தெரியவில்லை. “ரட் முடிஞ்சுபோச்சு” என்று இறங்கி வீட்டுக்குப் போகிறவர்கள் இந்த நாட்களில்தான் அதிகம். முடியவில்லை. ஒரு பெண்ணோடு வேலை முடிந்ததும் ஆண் எழுந்து அடுத்ததைத் தேடிக் கிளம்பும். அது காலை பதினொன்றாகவும் இருக்கலாம், மத்தியானம் இரண்டாகவும் இருக்கலாம். சோற்றுப் பொட்டலத்தை மேலேயே வைத்துக்கொண்டு பகல் முழுக்க உட்காரும் பொறுமை உள்ளவருக்கு இந்த வாரமும் பலன் தரும், அது இல்லாதவர் முந்தைய வாரத்துக்கு லீவு போடுவதே உத்தமம்.

பெரிய கொம்பன் ஒன்றே சுற்றுவட்டாரப் பெண்களையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. பெண்கள் எல்லாம் அடுத்தடுத்த நாட்களில் பருவத்துக்கு வரும்போது, ஒரு பெண்ணுக்கு ஒன்றிரண்டு நாள் செலவிடும் ஆணால் எத்தனையைத்தான் பார்த்துக்கொள்ள முடியும்? மரபணுச் சோதனைகளில் ஒன்றரை வயது இளங்கொம்பன்களும் கணிசமான குட்டிகளுக்குத் தகப்பன் என்று தெரியவந்திருக்கிறது. இரட்டைக் குட்டிகளிலேயே ஆளுக்கொரு தகப்பன் இருந்ததும் உண்டு.

இந்த ஓட்டத்தில் ஆண் மான் சரியாக மேய்வதே இல்லை. பருவம் முடியும்போது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும், சில சமயம் அதற்கு மேலும். நவம்பர் கடைசியில் அதற்கு வேண்டியது தீனிதான். சினை பிடிக்காத பெண்கள் சுமார் 28 நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வரும். சோளமும் சோயாவும் விளையும் பகுதிகளில், அந்த வருடமே பிறந்து நன்றாக வளர்ந்த பெண் குட்டிகள் சிலவும் டிசம்பரில் முதல்முறையாகப் பருவமடையும். ‘இரண்டாவது ரட்’ என்று சொல்வது இதைத்தான். முதல் அலைபோலக் காடே அதிராது. பெண்களும் குட்டிகளும் மேயும் வயல் ஓரத்தில் டிசம்பர் சாயங்காலம் உட்கார்ந்தால் ஓர் ஆண் மான் வந்து எட்டிப் பார்க்க வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான்.

தெற்கே போனால்

மேலே சொன்ன தேதிகளை எடுத்துக்கொண்டு அலபாமாவுக்குப் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். அந்த மாநிலத்தின் பெரும்பகுதியில் உச்சம் ஜனவரி நடுவிலிருந்து கடைசிவரை. அதற்காகவே வேட்டைக்காலத்தைச் சில மண்டலங்களில் பிப்ரவரி 10 வரை நீட்டியிருக்கிறார்கள். ஜனவரி 20-ல் சினைபிடித்தால் ஆகஸ்ட் 8 வாக்கில் குட்டி. வடக்கே அப்படிப் பிறந்த குட்டி தேறாது. அலபாமாவில் குளிர்காலம் கடுமையல்ல என்பதால் தேறிவிடும். கெடு இறுக்கமாக இல்லாத இடத்தில் தேதியும் இறுக்கமாக இல்லை.

புளோரிடா இதில் உச்சம். மாநிலத்தின் தென்கோடியில் ஜூலை, ஆகஸ்டிலேயே இணைசேரும். வடமேற்கு மூலையில் அதே மாநிலத்து மான் பிப்ரவரியில் இணைசேரும். டெக்சாஸில் மெக்சிகோ வளைகுடாக் கரைச் சமவெளியில் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். நடுவே உள்ள எட்வர்ட்ஸ் மேட்டுநிலத்தில் பெரும்பாலும் நவம்பர். மெக்சிகோ எல்லையை ஒட்டிய தென் டெக்சாஸில் டிசம்பர் பிற்பகுதி. ஒரே மாநிலத்துக்குள் காரில் சில மணி நேரம் ஓட்டினால் மூன்று மாதம் தாண்டலாம்.

தெற்கின் குழப்பத்துக்கு வரலாற்றுக் காரணமும் ஒன்று உண்டு. 1900-ஐ ஒட்டி, கட்டுப்பாடில்லாத வேட்டையால் நாடு முழுவதும் சில லட்சம் வெள்ளைவால் மான்களே மிஞ்சியிருந்தன. பிறகு மாநில அரசுகள் மான் உள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு லாரியிலும் ரயிலிலும் கொண்டுபோய் விட்டன. போன மான்கள் தங்கள் கடிகாரத்தையும் உடன் கொண்டுபோயின. அலபாமாவின் பேங்க்ஹெட் தேசியக் காட்டில் 1920-களில் மிச்சிகன் மான்களை விட்டார்கள். நூறு வருடம் ஆகியும் அந்தக் காட்டு மான்கள் மிச்சிகன்போல நவம்பரில் இணைசேர்கின்றன, சுற்றியுள்ளவை ஜனவரிவரை காத்திருக்கின்றன. பகல் நீளத்தை எப்படிப் படிப்பது என்பது பரம்பரையாக வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

உங்கள் ஊருக்கு உரிய தேதி

மாநில வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் தேடுங்கள். தென் மாநிலங்கள் பல, கவுண்டி வாரியாக இணைசேரும் தேதிகளை வரைபடமாகவே போட்டிருக்கின்றன. கருவை அளந்து கணக்கிட்டவை அவை, நம்பலாம். வரைபடம் இல்லாத இடத்தில், புள்ளி மாறாத பச்சிளங்குட்டியை முதலில் எந்த வாரம் பார்த்தார்கள் என்று பக்கத்துப் பண்ணைக்காரரிடம் கேளுங்கள். அதிலிருந்து 200 நாள் கழியுங்கள். ஜூலை 8-ஐ ஒட்டிக் குட்டிகள் விழும் ஊரில் டிசம்பர் 20 வாக்கில் உச்சம். துரத்தலைப் பார்த்த தேதியை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். அது உச்சத்துக்கு முன்னாலும் நடக்கும், பின்னாலும் நடக்கும்.

இணைசேரும் நாளும் துப்பாக்கி வேட்டைக்கு அனுமதி உள்ள நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மிச்சிகனில் துப்பாக்கிக் காலம் நவம்பர் 15-ல் தொடங்கும், அது உச்சத்தின் நடுவே. விஸ்கான்சினின் ஒன்பது நாள் துப்பாக்கிக் காலம் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும், அது உச்சத்தின் வால்பகுதி. ஐயோவா டிசம்பர்வரை பொதுவான துப்பாக்கிக் காலத்தைத் திறப்பதில்லை. ஆண் மான்கள் மதிமயங்கித் திரியும் வாரத்தில் துப்பாக்கிகள் இல்லாததால் அங்கே வயதான கொம்பன்கள் மிஞ்சுகின்றன என்பது வேட்டைக்காரர்கள் பலரின் கணிப்பு. அந்த மாதிரி மாநிலங்களில் நவம்பர் முதல் வாரம் வேண்டுமென்றால் வில் பழகத்தான் வேண்டும். உரிமம், ஆரஞ்சு நிற உடை, அனுமதிக்கப்பட்ட நேரம் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அந்த வருட விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டே போங்கள். கிரானிக் வேஸ்டிங் என்னும் மான் நோய் பரவியுள்ள இடங்களில் மான் சிறுநீர் வாசனைப் பொருட்களுக்குத் தடை இருக்கலாம், சுட்ட மானின் தலையைச் சோதனைக்குக் கொடுக்கவும் சொல்லலாம்.

வட மாநிலங்களுக்கு என் கணக்கு: ஒரு வாரம்தான் லீவு கிடைக்கும் என்றால் நவம்பர் 4 முதல் 11 வரை. குளிர் இறங்கும் நாளைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாளை மட்டும் மாற்றிப்போட முடிந்தால் இன்னும் நல்லது.

வேட்டைப் பக்கமே போகாதவர்களுக்கும் இந்தத் தேதிகளால் ஒரு உபயோகம் உண்டு. மான் மீது வண்டி மோதும் விபத்துகள் அமெரிக்காவில் அதிகம் நடக்கும் மாதம் நவம்பர். முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பதால், மான்கள் நடமாடும் அந்திப்பொழுதும் ஆபீஸ் விட்டு வீடு திரும்பும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. மான் குறுக்கே வந்தால் பிரேக்கை அழுத்துங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். ஒடித்து மரத்தில் மோதுவது மானில் மோதுவதைவிட மோசம். பெண் மான் ஒன்று சாலையைக் கடந்து ஓடிவிட்டால் உடனே வேகம் எடுக்கவும் வேண்டாம். நவம்பரில் அவள் பின்னால் ஒருவன் வந்துகொண்டிருப்பான், அவன் சாலையைப் பார்ப்பதில்லை.